தாய்ப் பத்திரமும் பேத்தியின் ரெக்கார்டு நோட்டும்



இந்த முறை கொஞ்சம் கம்ப்யூட்டர் விஷயம். பயந்துவிட வேண்டாம். முப்பது வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த எனக்கே புரிந்த விஷயம்தான். உங்களுக்கும் புரியும். புரிந்தால்தான் கடைசியில் நான் கேட்கப் போகும் ஓர் உதவியை நீங்கள் செய்ய முடியும்.

நம் வயதுக்காரர்கள் வீட்டில் இப்போது ஒரு பேரனோ பேத்தியோ கம்ப்யூட்டர் படிப்பது சாதாரணம். பி.எஸ்சி., பி.சி.ஏ., பாலிடெக்னிக், என்ஜினீயரிங் என்று எதில் சேர்ந்தாலும், பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் ஒரு பயிற்சி வந்துவிடும். சி மொழியில், லிங்க்டு லிஸ்ட்டை வைத்து ஸ்டாக் எழுதுவது. ரெக்கார்டு நோட்டில் அழகான கையெழுத்தில் இருக்கும். ஆசிரியரின் சிவப்பு மைக் கையெழுத்தும் இருக்கும். செய்முறைத் தேர்வில் சீட்டு எடுக்கும்போது இந்தக் கேள்வி வந்தால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம். ஏனென்றால் மனப்பாடம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயிற்சிக்கு நோட்டில் எழுதியதற்காக மதிப்பெண் போடுவதைக் குறைக்க வேண்டும். அதைத் தன் சொந்தப் பேச்சில், தமிழிலேயே, தனக்குத் தெரிந்த பொருளை வைத்து விளக்கியதற்கு மதிப்பெண் தர வேண்டும். இதனால் அதிகம் பயன்பெறப் போகிறவர்கள் நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகள், அதிலும் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் பிள்ளைகள்.

முதலில் ஸ்டாக் என்றால் என்ன? ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டைகளை அட்டி போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடைசியாக மேலே ஏற்றிய மூட்டையைத்தான் முதலில் இறக்க முடியும். அடியில் இருப்பதை உருவினால் அட்டியே சரியும். அதுதான் ஸ்டாக். பாடப் புத்தகத் தமிழில் அடுக்கு. மேலே வைப்பது புஷ், மேலிருந்து எடுப்பது பாப், மேலே இப்போது எது இருக்கிறது என்று காட்டுவது டாப்.

இதனால் என்ன உபயோகம் என்பீர்கள். செல்போனில் ஒன்றைத் திறந்து, அதற்குள் இன்னொன்றைத் திறந்து, பிறகு பின்னால் போகும் பட்டனை அழுத்தினால் கடைசியாகப் பார்த்தது முதலில் வருகிறதே, அது அடுக்கு முறை. கம்ப்யூட்டர் ஒரு வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு இன்னொரு வேலைக்குப் போய், முடித்துவிட்டு, விட்ட இடத்துக்குச் சரியாகத் திரும்புவதும் இதனால்தான். ஜெர்மனியில் பாவர், சாமெல்சன் என்ற இரண்டு பேர் 1957இலேயே இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்கள். நம்மில் பலர் அப்போது அரிச்சுவடி படித்துக்கொண்டிருந்தோம்.

சரி, இந்த அடுக்கைக் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் எங்கே வைப்பது? இரண்டு வழி உண்டு. ஒன்று, நூறு மூட்டைக்கு இடம் வேண்டும் என்று முதலிலேயே கோடு போட்டுப் பிடித்து வைப்பது. இதற்கு அர்ரே என்று பெயர். நூற்றியோராவது மூட்டை வந்தால் வாசலிலேயே நிற்க வேண்டும். ஐந்தே மூட்டை வந்தால் மீதி இடம் சும்மா கிடக்கும். இரண்டாவது வழி, மூட்டை வர வர அப்போதைக்கப்போது இடம் கேட்டு வாங்குவது. இப்படி வாங்கும் இடம் வரிசையாகக் கிடைக்காது. ஒன்று இந்த மூலையில், ஒன்று அந்த மூலையில் என்று சிதறித்தான் கிடைக்கும். அப்படியானால் எதற்கு அடியில் எது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுக் கட்டி, 'எனக்கு அடியில் இருக்க வேண்டியது இன்ன இடத்தில் இருக்கிறது' என்று எழுதிவிட வேண்டியதுதான். இந்தச் சீட்டுச் சங்கிலிதான் லிங்க்டு லிஸ்ட். 1950களின் நடுவில் அமெரிக்காவில் நியூவெல், ஷா, சைமன் ஆகிய மூவர் இதை உருவாக்கிப் பயன்படுத்தினார்கள்.

பேத்தி இதைப் படம் போட்டுக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை வைத்துத்தானே நான் முப்பது வருடம் சம்பளம் வாங்கினேன்!

உங்கள் வீட்டுக் கிரையப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். இந்தச் சொத்து விற்றவருக்கு எப்படி வந்தது என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கும். 1 புத்தகம், இத்தனாவது தொகுதி, இத்தனை முதல் இத்தனை பக்கங்கள், இந்த வருடத்து இத்தனாம் நெம்பர் பத்திரம் என்று வரும். அதுதான் தாய்ப் பத்திரத்துக்கு வழிகாட்டும் சீட்டு. அந்தத் தாய்ப் பத்திரத்தை எடுத்தால் அதற்கும் முந்தைய பத்திரத்தின் நெம்பர் இருக்கும். ஒரே நிலத்தின் மூன்று பத்திரங்களில் ஒன்றில் தென்னாற்காடு, ஒன்றில் விழுப்புரம், ஒன்றில் கள்ளக்குறிச்சி என்று மூன்று மாவட்டத்தின் பெயர் இருக்கலாம். விழுப்புரம் பிரிந்தது 1993, நாம் பிரிந்தது 2019. பத்திரங்கள் எங்கெங்கோ வெவ்வேறு தொகுதியில் கிடக்கும். ஆனால் கடைசிப் பத்திரம் மட்டும் கையில் இருந்தால் போதும், ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்விடலாம். போய்ப் போய்க் கடைசியில் 'பிதுரார்ஜிதமாகப் பாத்தியப்பட்டது' என்று ஒரு பத்திரம் நிற்கும். அதற்கு மேல் நெம்பர் கிடையாது. சி மொழியில் அந்த இடத்துக்கு 'நல்' என்று பெயர், வெற்று என்று பொருள்.

ஆக ஒவ்வொரு பத்திரத்திலும் இரண்டு பகுதி. ஒன்று விஷயம், இன்னொன்று முந்தையதன் விலாசம். லிங்க்டு லிஸ்ட்டின் ஒவ்வொரு கண்ணியும் அப்படியேதான். அந்தக் கண்ணிக்கு நோட் என்றும், விலாசத்துக்குப் பாயிண்டர் என்றும் பெயர். கடைசிப் பத்திரம் எது என்று நினைவில் வைத்திருக்கும் பாயிண்டர்தான் டாப்.

இப்போது புஷ் செய்வதைப் பாருங்கள். இடம் கேட்டு ஒரு புது நோட் வாங்குகிறோம். விஷயத்தை எழுதுகிறோம். அதன் பிறகு இரண்டே வரி. முதல் வரி: புது நோட்டில் பழைய டாப்பின் விலாசத்தை எழுது. இரண்டாம் வரி: இனிமேல் டாப் என்பது இந்தப் புது நோட். இந்த இரண்டு வரியை இடம் மாற்றி எழுதிவிட்டால்? டாப் முதலிலேயே புது நோட்டுக்கு மாறிவிடும். பிறகு 'டாப்பின் விலாசத்தை எழுது' என்றால் புது நோட் தன் விலாசத்தையே தனக்குள் எழுதிக்கொள்ளும். தாய்ப் பத்திர நெம்பர் வரவேண்டிய இடத்தில் தன் நெம்பரையே போட்டுக்கொண்ட பத்திரம் மாதிரி. பழைய சங்கிலி முழுவதும் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

பாப் செய்வதிலும் ஒழுங்கு உண்டு. முதலில் அடுக்கு காலியா என்று பார்க்க வேண்டும். காலியாக இல்லையென்றால் மேல் நோட்டில் உள்ள விஷயத்தையும், அதற்கு அடியில் உள்ளதன் விலாசத்தையும் எடுத்துக்கொண்டு, டாப்பைக் கீழே நகர்த்தி, அதன் பிறகுதான் அந்த நோட்டின் இடத்தை விடுவிக்க வேண்டும். இடம் கேட்பதற்கு மாலாக், திருப்பிக் கொடுப்பதற்கு ஃப்ரீ. திருப்பிக் கொடுக்காமலே விட்டால் வாங்கின இடம் வாங்கினபடி கிடக்கும். ஒரு நாள் முழுக்க ஓடும் புரோகிராம் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக நினைவகத்தை விழுங்கிவிடும். இங்கே என் பத்திர உவமை உதவாது. பதிவுத்துறையில் எதையும் அழிப்பது கிடையாது. ரத்துப் பத்திரம்கூட இன்னொரு பத்திரமாகத்தான் ஏறும்.

இவ்வளவுதான் அந்தப் பயிற்சி. ஆனால் இதை மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கும் புரிந்துகொண்ட பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் ரெக்கார்டு நோட்டில் தெரியாது. செய்முறைத் தேர்விலும் பல இடங்களில் தெரிவதில்லை. வேலைக்கான நேர்காணலில் தெரியும். அதற்குள் மூன்று வருடம் போயிருக்கும்.

பேத்தியோடு படிக்கும் ஒரு பெண், வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். செய்முறைத் தேர்வில் இந்தப் புரோகிராமுக்கு முழு மதிப்பெண். நேர்காணலில் ஒருவர் நான் மேலே சொன்ன இரண்டு வரியைத் தாளில் இடம் மாற்றி எழுதி, "இப்படி இருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டிருக்கிறார். இந்தப் பெண் புரோகிராமை முதல் வரியிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்திருக்கிறாள். அவர் பாதியில் நிறுத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். படித்த மூன்று வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதே இல்லை. "எனக்கு இந்தப் படிப்பு ஏறாது தாத்தா, மலைக்கே போயிடறேன். அப்பாவும் மரவள்ளிக் காட்டு வேலைக்கு ஆள் இல்லைன்னு சொல்லிட்டு இருக்காரு" என்றாள்.

அவளுக்கு என் பத்திரக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டுல பத்திரமே இல்லையே தாத்தா" என்றாள்.

உண்மைதானே. கல்வராயன் மலை 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில் இருந்த பூமி. தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் விதைத்த நிலத்துக்குக் காகிதம் இல்லாத குடும்பங்கள் அங்கே உண்டு. அவளுக்குத் தாய்ப் பத்திரத்தைச் சொல்லி விளக்குவது, தெரியாத ஒன்றை இன்னொரு தெரியாததால் விளக்குவது. அதனால் நான் உவமை சொல்வதை விட்டுவிட்டு, "உங்க ஊர்ல கடைசியா வெச்சதை முதல்ல எடுக்கற காரியம் ஏதாவது இருக்கா பாப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "பாட்டி கூட கடுக்காய் பொறுக்க உள்காட்டுக்குப் போறப்ப, வழி பிரியற ஒவ்வொரு எடத்துலயும் ஒரு கொப்பை ஒடிச்சு, வந்த பக்கம் பார்த்து வெச்சுட்டுப் போவோம். திரும்பறப்ப கடைசியா வெச்ச கொப்புதான் மொதல்ல வரும். அது அதுக்கு முன்னாடி வெச்ச கொப்பு இருக்கற பக்கத்தைக் காட்டும்."

"எத்தனை கொப்பு வேணும்னு பொறப்படறப்பவே எண்ணி எடுத்துட்டுப் போவீங்களா?"

"இல்ல தாத்தா, அங்கங்க ஒடிச்சுக்கறதுதான்." சொல்லும்போதே அவள் முகம் மாறியது. "இதான் மாலாக்கா?"

"திரும்பி வர்றப்ப அந்தக் கொப்பை என்ன பண்ணுவீங்க?"

"எடுத்து வீசிடுவோம். விட்டு வெச்சா அடுத்த தடவை போறப்ப கொழப்பும்." பிறகு அவளாகவே சேர்த்துச் சொன்னாள்: "ஆனா வீசறதுக்கு முன்னாடி அது எந்தப் பக்கம் காட்டுதுன்னு பார்த்துக்கணும்."

அந்த ஒரு வாக்கியத்தில் பாப் முழுவதும் இருக்கிறது. விலாசத்தை எடுத்துக்கொண்ட பிறகுதான் ஃப்ரீ. நோட்டில் பத்து முறை எழுதியும் வராதது, பாட்டியோடு காட்டுக்குப் போனதில் ஏற்கெனவே அவளிடம் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அன்று மாலையே நோட்டைப் பார்க்காமல் புரோகிராமை எழுதினாள். வரிகளை மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் படம் போட்டுக் காட்டினாள். மலைக்குத் திரும்பும் பேச்சை இப்போது எடுப்பதில்லை.

இதற்கு மறுப்பாக நண்பர்கள் சிலர் சொல்வதையும் பார்ப்போம்.

"வேலை ஆங்கிலத்தில்தானே, தமிழில் விளக்கி என்ன பயன்?" என்கிறார் ஒருவர். சி மொழியில் உள்ள ஆங்கிலம் எவ்வளவு தெரியுமா? 1989இல் வகுத்த தரத்தின்படி அதன் கட்டளைச் சொற்கள் மொத்தம் 32. அதை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. பிள்ளைகளை முடக்குவது அந்த 32 சொல் அல்ல, அதைச் சுற்றி இருக்கும் ஆங்கில விளக்கம். அதைப் புரியாமலே ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. விஷயம் புரிந்தவன் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்திலும் சொல்லிவிடுவான். புரியாதவனுக்கு நல்ல ஆங்கிலமும் உதவாது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியில் தொடங்கியது. கம்ப்யூட்டர் அப்போது அதில் இல்லை. முழுப் படிப்பையும் தமிழுக்கு மாற்றுவது பெரிய காரியம், அது நடக்கும்போது நடக்கட்டும். வைவாவில் ஒரு கேள்விக்குத் தமிழில் பதில் சொல்ல விடுவதற்கு அரசாணை வேண்டியதில்லை.

"ஆசிரியருக்கு நேரம் எங்கே?" என்கிறார் இன்னொருவர். நியாயமான கேள்வி. ஒரு லேபில் முப்பது பேர் என்றால், ஆளுக்கு இரண்டு நிமிடம், ஒரு மணி நேரம். நோட்டைப் பக்கம் பக்கமாகத் திருத்திக் கையெழுத்துப் போடும் நேரத்தை மிச்சம் பிடித்தாலே இது கிடைத்துவிடும்.

"இப்போது எல்லாம் பைத்தான், இந்தப் பழைய சி எதற்கு?" என்பது மூன்றாவது. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் 2019 முதல் பைத்தான்தான். நல்ல மொழி, எளிதானது. ஆனால் அதில் இடம் கேட்பதும் திருப்பிக் கொடுப்பதும் நம் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவிடும். டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய சி மொழியில், வாங்கின இடத்துக்கு நாமே பொறுப்பு. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடும் லினக்ஸ் இன்றும் பெரும்பாலும் சி மொழியில்தான் இருக்கிறது. இன்னொன்று, இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் இந்தப் புரோகிராமை ஒரு நொடியில் எழுதித் தந்துவிடுகிறது. அப்படியிருக்க, எழுதிக் காட்டுவதற்கு என்ன மதிப்பு மீதி இருக்கிறது? விளக்குவதற்குத்தான் மதிப்பு.

மனப்பாடத்தின் இன்னொரு கெடுதலையும் சொல்ல வேண்டும். 'அர்ரேயைவிட லிங்க்டு லிஸ்ட் சிறந்தது' என்று நோட்டில் ஒரு வரி இருக்கும். பிள்ளைகள் அதையும் ஒப்பிப்பார்கள். அது பாதி உண்மை. இன்றைய சாதாரண கம்ப்யூட்டரில் ஒரு முழு எண்ணுக்கு 4 பைட் போதும். அதோடு விலாசத்துக்கு 8 பைட் சேர்த்தால், ஓரம் ஒதுக்கும் இடத்தோடு ஒரு நோட் 16 பைட் ஆகிவிடும். நான்கு மடங்கு. எத்தனை வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அர்ரேயே மேல். தெரியாதபோதுதான் லிங்க்டு லிஸ்ட். எது எப்போது என்று யோசிக்கச் சொல்லித்தருவதுதான் படிப்பு.

நான் கேட்க நினைத்த உதவி இதுதான். பல்கலைக்கழகம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, நோட்டை மூடச் சொல்லி, நான்கு கேள்வி கேளுங்கள்.

ஒன்று, புதியதைச் சங்கிலியின் தலைப்பக்கம் ஏன் சேர்க்கிறாய், வால்பக்கம் ஏன் சேர்க்கவில்லை? (வால்பக்கம் சேர்த்தால், எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் தலையிலிருந்து கடைசிக்கு முந்தையது வரை நடக்க வேண்டும். தலைப்பக்கம் என்றால் பத்து இருந்தாலும் பத்து லட்சம் இருந்தாலும் ஒரே எட்டு.) இரண்டு, புஷ்ஷில் கடைசி இரண்டு வரியை மாற்றினால் என்ன ஆகும்? மூன்று, இடம் கேட்டு, இடம் இல்லை என்று பதில் வந்தால் உன் புரோகிராம் என்ன செய்யும்? (மாலாக் அப்போது 'நல்' கொடுக்கும். அதைச் சரிபார்க்காமல் மேலே போனால் புரோகிராம் விழுந்துவிடும்.) நான்கு, எடுத்த நோட்டின் இடத்தை எப்போது திருப்பிக் கொடுத்தாய்?

பதில் சரியா என்று நமக்குத் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை. "எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று நாம் விடாமல் உட்கார்ந்திருந்தால் போதும். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் புரிய வைக்க முயலும்போது பிள்ளைக்குத் தனக்கு எது புரியவில்லை என்று தெரிந்துவிடும். நம்மிடம் நேரம் இருக்கிறது, அவர்களிடம் நோட்டு இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுப் பாருங்கள்.